கடைசிப் பத்து மில்லியனை யார் மீது போடுவது? மலிவு ஃப்ரீ ஏஜென்ட்களில் ஐந்து வகை

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலின் இறுதித் தொடரான உலகத் தொடரில், 2018இன் மூன்றாவது ஆட்டம் அக்டோபர் 26 மாலை டாட்ஜர் ஸ்டேடியத்தில் தொடங்கி, நள்ளிரவைத் தாண்டி, 18வது இன்னிங்ஸில்தான் முடிந்தது. மொத்தம் 7 மணி 20 நிமிடம். பாஸ்டன் ரெட் சாக்ஸுக்காக பிட்சர் (பந்துவீச்சாளர்) நேதன் இயோவால்டி நடுவில் வந்து ஆறு இன்னிங்ஸுக்கும் மேல் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய 97வது பந்தை டாட்ஜர்ஸின் மேக்ஸ் மன்சி எதிர்ப்பக்க வேலிக்கு அப்பால் அனுப்ப, ஆட்டம் 3-2 என்று முடிந்தது.

அந்த இரண்டு பேருமே அதற்கு ஒன்றிரண்டு வருடம் முன்பு சந்தையில் கேட்பாரில்லாமல் இருந்தவர்கள். மன்சியை 2017 மார்ச் கடைசியில் ஓக்லண்ட் விடுவித்தது. டாட்ஜர்ஸ் மைனர் லீக் (மேஜர் லீக்குக்குக் கீழ்நிலை) ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டது. முழங்கையில் இரண்டாவது அறுவை சிகிச்சை முடிந்திருந்த இயோவால்டியை 2017 பிப்ரவரியில் டாம்பா பே ரேஸ் 2 மில்லியன் டாலருக்கு எடுத்தது.

ஆனால் லாபம் யாருக்குப் போனது என்று பாருங்கள். மன்சியின் மலிவு பல வருடம் டாட்ஜர்ஸிடமே இருந்தது. இயோவால்டிக்கு ஒரு வருடம் சும்மா சம்பளம் கொடுத்துக் காத்திருந்த ரேஸ், 2018 மே 30 அன்று அவர் திரும்பி வந்து ஆறு இன்னிங்ஸ் ஹிட் கொடுக்காமல் வீசியதைப் பார்த்தது. பத்து ஆட்டம் தொடங்கிய பிறகு, ஜூலையில் ஜேலன் பீக்ஸ் என்ற இளம் பிட்சருக்கு மாற்றாக பாஸ்டனுக்குக் கொடுத்துவிட்டது. சாம்பியன் மோதிரம் பாஸ்டனுக்கு, 4 வருடம் 68 மில்லியன் இயோவால்டிக்கு.

டிசம்பர் கடைசி ஆனால் ஒரே மாதிரியான கேள்வி வந்துகொண்டே இருக்கும். பெரிய பெயர்கள் எல்லாம் போய்விட்டன, நம்மிடம் பத்து மில்லியன் சொச்சம்தான் மிச்சம், யாரை எடுக்கலாம்? தங்கள் அணி நிர்வாகத்தின் மீது கோபத்தில் இருக்கும் ரசிகர்களும் கேட்கிறார்கள். நிஜ மேஜர் லீக் விதிகளை வைத்து சிமுலேஷன் லீக்கில் அணி நடத்துபவர்களும் கேட்கிறார்கள். "வயசானவரா, காயத்திலிருந்து வருபவரா, கொரியாவிலிருந்து வருபவரா?" என்று குழம்பி நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

## முதலில் அளவுகோல்

மேஜர் லீக்கில் ஆறு வருட சர்வீஸ் (அணியில் இருந்த காலம்) முடித்து ஒப்பந்தமும் தீர்ந்தவர் ஃப்ரீ ஏஜென்ட், அதாவது எந்த அணியோடும் பேரம் பேசக்கூடியவர், ஆகிறார். அதற்கு முன்பே அணி விட்டுவிட்டாலும் சந்தைக்கு வந்துவிடுவார். ஐபிஎல் ஏலம்போல எல்லோர் கண் முன்னும் ஒரே மேடையில் விலை ஏறுவது இங்கே கிடையாது. நவம்பரில் தொடங்கி மார்ச் வரை தனித்தனிப் பேரம். அதனால் ஒரே திறமை உள்ள இருவருக்கு இரண்டு விலை விழுவது சகஜம். மலிவு என்பது அந்த இடைவெளியில்தான் கிடைக்கிறது.

உத்தரவாதப் பணம். மேஜர் லீக் ஒப்பந்தத்தில் எழுதிய சம்பளத்தை முழுதாகக் கொடுத்தாக வேண்டும். ஏப்ரலில் முழங்கை போனாலும் சரி, மே மாதம் நீங்களே அவரை அனுப்பிவிட்டாலும் சரி. மைனர் லீக் ஒப்பந்தத்தில் அந்தச் சுமை இல்லை.

ரோஸ்டர் இடம். அணியின் 40 பேர் பட்டியல் நிறைந்திருக்கும்போது ஒருவரைச் சேர்க்க வேண்டுமானால் ஏற்கெனவே இருக்கும் ஒருவரை வெளியே எடுக்க வேண்டும். அப்படி விடப்பட்டவரை மற்ற அணிகள் கேட்டு வாங்கும் வெய்வர் முறையில் வேறு அணி தூக்கிக்கொண்டு போகலாம். இந்தச் செலவை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

எப்போது ஆடுவார். ஏப்ரலிலா, ஜூலையிலா, அடுத்த வருடமா?

ஏன் மலிவு. விலை குறைந்ததற்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணம் சரியாகக் கூடியதா, ஏற்கெனவே சரியாகிவிட்டதற்கு ஏதாவது அடையாளம் தெரிகிறதா?

பலித்தால் அடுத்த வருடம் யார் கையில். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரியது. ஆறு வருட சர்வீஸ் முடியாத ஒருவரை வேறு அணி கழித்துவிட்டு நீங்கள் எடுத்தால், பருவம் முடிந்த பிறகும் அவர் ஆர்பிட்ரேஷன் விதிப்படி (சம்பளத்தில் ஒத்துவராவிட்டால் நடுவர் முடிவு செய்வார்) உங்களிடமே இருப்பார். ஆறு வருடம் முடிந்தவரை ஒரு வருடத்துக்கு எடுத்தால், அவர் நன்றாக ஆடுவதே அவர் போவதற்கு வழி.

## ஒன்று: ஒரு வருட ஒப்பந்தத்தில் மூத்த வீரர்

36 வயது தாண்டியவர். நேற்றுவரை நன்றாக ஆடியவர். நாளைக்கு என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது.

கார்லோஸ் சான்டானாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2024க்கு மினசோட்டா ட்வின்ஸ் 5.25 மில்லியன் கொடுத்தது. 23 ஹோம் ரன் அடித்தார், 38 வயதில் ஃபர்ஸ்ட் பேஸில் சிறந்த தடுப்பாட்டத்துக்கான கோல்ட் க்ளவ் விருதும் வாங்கினார். அடுத்த வருடம் அதே ஆளுக்கு க்ளீவ்லண்ட் கார்டியன்ஸ் 12 மில்லியன் கொடுத்தது. ஆகஸ்ட் முடிவதற்குள் விடுவித்துவிட்டது. மலிவாக வாங்கியது ட்வின்ஸ். அந்த மலிவு பலித்ததற்கான விலையைக் கட்டியது இன்னொரு அணி. மூத்த வீரர்களிடம் இது திரும்பத் திரும்ப நடக்கும். நெல்சன் குரூஸ் 2019இல் ட்வின்ஸுக்கு 41 ஹோம் ரன் அடித்தார். 2022இல் வாஷிங்டன் 15 மில்லியன் உத்தரவாதம் கொடுத்தபோது பத்தோடு நின்றுவிட்டார்.

மறைந்திருக்கும் செலவு இடத்தில் இருக்கிறது. பெரிய பெயர் உள்ளவர் ஏப்ரல், மே இரண்டு மாதமும் சொதப்பினாலும் மேனேஜரால் உட்காரவைக்க முடியாது. மைனர் லீக்கின் மேல்படியான ட்ரிபிள்-ஏவில் தயாராக இருக்கும் 24 வயதுப் பையனுக்கு வாய்ப்பு தள்ளிப்போகும். இந்த இழப்பு சம்பளப் பட்டியலில் தெரியாது.

இந்த வகை நன்றாக வேலை செய்வது, வேலையைக் குறுக்கிக் கொடுக்கும்போது. 2022இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் ஆல்பர்ட் பூஹோல்ஸை 2.5 மில்லியனுக்குத் திரும்ப அழைத்து, இடக்கை பிட்சர்கள் வரும் நாட்களில் முக்கியமாகப் பயன்படுத்தியது. 24 ஹோம் ரன். வாழ்நாள் கணக்கு 703. முழுநேரமும் ஆடவைக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்காததால்தான் அந்த விலைக்கு அந்தப் பலன் கிடைத்தது.

## இரண்டு: சறுக்கிய நட்சத்திரம்

வயது பெரும்பாலும் 28இலிருந்து 32 வரை. ஒரு மோசமான வருடம். நீண்ட ஒப்பந்தம் கேட்டால் கிடைக்காது, அதனால் ஒரு வருடம் ஆடிக் காட்டிவிட்டு மறுபடி சந்தைக்கு வரப் பார்க்கிறார்.

இதில் வெற்றிக் கதைகள் நிறைய. 2009இல் காயத்தோடு 8 ஹோம் ரன் மட்டும் அடித்த ஏட்ரியன் பெல்ட்ரேவை 2010க்கு ரெட் சாக்ஸ் 9 மில்லியனுக்கு எடுத்தது. .321 சராசரி, 28 ஹோம் ரன், 49 டபுள். அப்புறம் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் 5 வருடத்துக்கு 80 மில்லியன் கொடுத்து அழைத்துக்கொண்டு போனது. 2022இல் .210 அடித்த கோடி பெலிஞ்சரை டாட்ஜர்ஸ் டெண்டர் (அடுத்த வருட ஒப்பந்தம்) கொடுக்காமல் விட்டது; சிகாகோ கப்ஸ் 17.5 மில்லியனுக்கு எடுக்க, 2023இல் .307, 26 ஹோம் ரன்.

டொராண்டோவில் இருக்கும் நம்மவர்களுக்கு மார்கஸ் செமியன் கதை நன்றாக நினைவிருக்கும். 2020இல் .223 அடித்தவரை ப்ளூ ஜேஸ் 18 மில்லியனுக்கு ஒரு வருடம் எடுத்து, ஷார்ட்ஸ்டாப்பிலிருந்து செகண்ட் பேஸுக்கு மாற்றியது. 162 ஆட்டமும் ஆடினார். 45 ஹோம் ரன், செகண்ட் பேஸ்மேன்களில் சாதனை. எம்விபி (பருவத்தின் மிகச் சிறந்த வீரர்) வாக்கெடுப்பில் மூன்றாமிடம். அணி 91 வெற்றி எடுத்து, ஒரே ஒரு ஆட்டத்தில் பிளேஆஃபைத் தவறவிட்டது. செமியன் 7 வருடம் 175 மில்லியனுக்கு டெக்சாஸ் போய்விட்டார். இந்த வகையின் முழுக் கதையும் அதற்குள் இருக்கிறது. அந்த ஒரு வருடத்தில் எல்லாம் கூடி வர வேண்டும். கூடி வராவிட்டால் அடுத்த வருடத்துக்கு எதுவும் மிஞ்சாது.

எதுவுமே மிஞ்சாது என்று சொன்னால் தவறு. க்வாலிஃபையிங் ஆஃபர் (நிர்ணயித்த தொகைக்கு இன்னும் ஒரு வருட ஒப்பந்தம்) கொடுத்து வீரர் மறுத்துவிட்டால், அவர் வேறு அணிக்குப் போகும்போது, புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஒரு கூடுதல் தேர்வு கிடைக்கும். ஆனால் 2025-26 குளிர்காலத்தில் அந்த ஆஃபரின் தொகை 22.025 மில்லியன். வீரர் "சரி" என்று சொல்லிவிட்டால் அதைக் கட்ட வேண்டும். ஒரு வீரருக்கு வாழ்நாளில் ஒரு முறைதான் கொடுக்கவும் முடியும். பத்து மில்லியனை எண்ணிக்கொண்டிருக்கும் அணி இதை நம்பி இறங்குவது சிரமம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. முந்தைய அணியின் ஆஃபரை மறுத்துவிட்டு வருபவரை எடுத்தால் உங்கள் டிராஃப்ட் தேர்வு ஒன்று போகும். 2014 பிப்ரவரியில் பால்டிமோர் ஓரியோல்ஸ் நெல்சன் குரூஸை 8 மில்லியனுக்கு எடுத்தபோது அப்படி ஒன்றை இழந்தது. அந்த வருடம் அவர் 40 ஹோம் ரன் அடித்து மேஜர் லீக்கிலேயே முதலிடம், அணி 96 வெற்றியோடு டிவிஷனை ஜெயித்தது, அதனால் யாரும் குறை சொல்லவில்லை. அவர் 15 ஹோம் ரன்னோடு நின்றிருந்தால் கணக்கு வேறு மாதிரி இருந்திருக்கும்.

பிப்ரவரி, மார்ச் வரை காத்திருந்தால் விலை இன்னும் இறங்கும் என்று சொல்வார்கள். பேட்ஸ்மேன்களுக்கு ஓரளவு உண்மை. பிட்சர்களிடம் நான் ரொம்ப எச்சரிக்கையாக இருப்பேன். 2024 மார்ச்சில் ஜயன்ட்ஸில் சேர்ந்த ப்ளேக் ஸ்னெல், பருவத்துக்கு முந்தைய பயிற்சியான ஸ்பிரிங் டிரெய்னிங் முழுதாக இல்லாமல் இறங்கி, முதல் ஆறு ஆட்டத்தில் 9.51 இஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு பிட்சர் விட்டுக்கொடுக்கும் ரன், குறைந்தால் நல்லது) வைத்திருந்தார். ஆகஸ்ட் 2 அன்று சின்சினாட்டியில் நோ-ஹிட்டர் (முழு ஆட்டத்திலும் ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல்) வீசியபோது பழைய ஸ்னெல் திரும்பிவிட்டார். அதற்குள் பாதிப் பருவம் போயிருந்தது. அதே மார்ச்சில் அரிசோனா எடுத்த ஜோர்டன் மாண்ட்கோமரி கடைசிவரை திரும்பவே இல்லை. 25 மில்லியனுக்கு 6.23 இஆர்ஏ. ஒப்பந்தத்தில் அடுத்த வருடத்துக்கான விருப்ப உரிமையும் அவர் கையில் இருந்ததால் இன்னும் 22.5 மில்லியன் அணியின் தலையில் விழுந்தது. வீரர் கையில் இருக்கும் ஆப்ட்-அவுட், பிளேயர் ஆப்ஷன் எல்லாமே ஒரு பக்கக் கதவு. நன்றாக ஆடினால் போய்விடுவார், ஆடாவிட்டால் இருந்துவிடுவார். மலிவு ஒப்பந்தத்தில் இதை ஒருபோதும் கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி.

## மூன்று: அறுவை சிகிச்சையிலிருந்து திரும்பும் பிட்சர்

1974இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற பிட்சரின் முழங்கையில் தசைநாரை மாற்றி வைத்ததிலிருந்து இந்தச் சந்தையே உருவானது. திரும்ப 12இலிருந்து 18 மாதம் ஆகும். அதனால் பெரும்பாலும் இரண்டு வருட ஒப்பந்தம்: முதல் வருடம் சிகிச்சைக்கு, இரண்டாவது வருடம் ஆட்டத்துக்கு.

2017 டிசம்பரில் இரண்டு அணிகள் கிட்டத்தட்ட ஒரே ஒப்பந்தம் போட்டன. ட்வின்ஸ், மைக்கேல் பினேடாவுக்கு 2 வருடம் 10 மில்லியன். கப்ஸ், ட்ரூ ஸ்மைலிக்கு அதே 2 வருடம் 10 மில்லியன். இருவரும் 2018இல் மேஜர் லீக்கில் ஒரு பந்தும் வீசவில்லை. 2019இல் பினேடா 11-5 (11 வெற்றி, 5 தோல்வி), 4.01 இஆர்ஏ என்று அணிக்குத் தூணாக இருந்தார். பிளேஆஃப் நெருங்கிய செப்டம்பரில் தடை செய்யப்பட்ட மருந்துக்காக இடைநீக்கம் ஆனார். ஸ்மைலிக்கு 2019இல் கொடுக்க வேண்டிய 7 மில்லியன், கப்ஸுக்கு வேறு செலவுக்குத் தேவைப்பட்டது. அதனால் ஒரு வருடம் காத்திருந்த அணியே அவரை டெக்சாஸுக்குத் தள்ளிவிட்டது. அங்கே 8.42 இஆர்ஏவோடு விடுவிக்கப்பட்டார்.

இதில் பலரும் கவனிக்காத செலவு அந்த முதல் வருடத்தின் குளிர்காலம். 60 நாள் காயப் பட்டியலில் போட்டால் 40 பேர் கணக்கிலிருந்து அவரை எடுத்துவிடலாம். ஆனால் அந்தப் பட்டியல் பிப்ரவரியில்தான் திறக்கும். டிசம்பரில் ஒப்பந்தம் போட்டால் அதுவரை அவர் ஒரு இடத்தை அடைத்துக்கொண்டே இருப்பார். நீங்கள் வேறொரு இளைஞனை இழக்க நேரலாம். கூடிய மட்டும் பிப்ரவரிக்குத் தள்ளுங்கள். இயோவால்டியோடு ரேஸ் கையெழுத்துப் போட்டதும் பிப்ரவரியில்தான்.

ஒரு வருட ஒப்பந்தத்தில் காயம்பட்ட பிட்சரை எடுப்பது வேறு ரகம். 2020இல் ஒரே ஒரு இன்னிங்ஸ் வீசிய கோரி க்ளூபரை 2021க்கு யாங்கீஸ் 11 மில்லியனுக்கு எடுத்தது. மே 19 அன்று டெக்சாஸுக்கு எதிராக நோ-ஹிட்டர். அடுத்த ஆட்டத்தில் மூன்று இன்னிங்ஸோடு தோள் வலி. ஆகஸ்ட் கடைசிவரை ஆளைக் காணவில்லை. மொத்தம் 16 ஆட்டம், 3.83 இஆர்ஏ. இதை மோசம் என்று சொல்ல மாட்டேன். அதே வருடம் சியாட்டில் மரினர்ஸ் 8.5 மில்லியன் கொடுத்த ஜேம்ஸ் பாக்ஸ்டன் முதல் ஆட்டத்தில் ஒன்றரை இன்னிங்ஸ்கூட முடிக்கவில்லை, முழங்கை போய்விட்டது. உத்தரவாதம் உத்தரவாதம்தான்.

இங்கே பேரத்தில் உதவும் ஒரு விதி இருக்கிறது. இத்தனை ஹோம் ரன், இவ்வளவு இஆர்ஏ என்று ஆட்டப் புள்ளிகளுக்கு போனஸ் எழுத மேஜர் லீக் அனுமதிப்பதில்லை. ஆனால் இத்தனை இன்னிங்ஸ், இத்தனை ஆட்டம் தொடக்கம் என்று எழுதலாம். காயம்பட்டவருக்கு இது கச்சிதம். 3 மில்லியன் உத்தரவாதம், 60 இன்னிங்ஸ் தாண்டினால் இவ்வளவு, 100 தாண்டினால் இவ்வளவு. உடம்பு ஒத்துழைத்தால் இரு தரப்புக்கும் சந்தோஷம்.

## நான்கு: ஜப்பான், கொரியா போய்த் திரும்புபவர்

என் கருத்தில் இவ்வளவு காலமாகியும் விலை முழுதாக ஏறாத வகை இதுதான்.

அமெரிக்காவில் எடுபடாமல் போன ஒரு பிட்சர் கொரிய லீக்கிலோ ஜப்பானிலோ மூன்று நான்கு வருடம் தொடர்ந்து வீசுகிறார். புதிதாக ஒரு பந்து கற்றுக்கொள்கிறார், கட்டுப்பாடு கூடுகிறது. உடம்பு சரியாக இருக்கிறது, ஏப்ரலிலேயே தயார். மலிவுக்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான்: அவர் சமாளித்த பேட்ஸ்மேன்களின் தரம் என்ன என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது.

மெரில் கெல்லி கொரியாவின் எஸ்கே வைவர்ன்ஸில் நான்கு வருடம் ஆடினார். அதற்கு முன் மேஜர் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. 2018 டிசம்பரில் அரிசோனா 2 வருடம் 5.5 மில்லியன் கொடுத்தது. அந்த ஒப்பந்தத்தின் அழகு அடுத்த வரியில் இருக்கிறது: 2021க்கு 4.25 மில்லியன், 2022க்கு 5.25 மில்லியன், இரண்டும் அணியின் விருப்பம் (கிளப் ஆப்ஷன்). நான்கு வருடத்துக்கும் சேர்த்து 15 மில்லியனுக்குள். பிடிக்காவிட்டால் இரண்டோடு முடித்துக்கொள்ளலாம். 30 வயதில் மேஜர் லீக்கில் அறிமுகமானவர், 2023 உலகத் தொடரின் இரண்டாவது ஆட்டத்தில் 7 இன்னிங்ஸ், 9 ஸ்ட்ரைக் அவுட், ஒரே ஒரு ரன். அரிசோனா அந்தத் தொடரில் ஜெயித்த ஒரே ஆட்டம் அது.

மைல்ஸ் மிக்கோலஸ் யோமியூரி ஜயன்ட்ஸிலிருந்து 2 வருடம் 15.5 மில்லியனுக்கு செயின்ட் லூயிஸ் வந்து, 2018இல் 18-4, 2.83. எரிக் ஃபெட்டி 2023இல் கொரியாவில் 20-6, 2.00 என்று எம்விபி ஆகி, 2 வருடம் 15 மில்லியனுக்கு சிகாகோ ஒயிட் சாக்ஸ் வந்தார். 2024இல் 121 தோல்வி கண்ட அந்த அணியில் 3.11 இஆர்ஏ வைத்திருந்தவரை ஜூலையில் விற்று இளம் வீரர்களை வாங்கிக்கொண்டது நிர்வாகம். 2025இல் அவர் சரிந்தார். அந்தப் பாரம் அப்போது வேறு அணியினுடையது. தோற்கும் அணிக்குக்கூட இந்த வகை ஏன் பொருந்தும் என்பதற்கு நல்ல உதாரணம்.

மறைந்திருக்கும் செலவு? ஜப்பான் அணியின் பிடியில் இருக்கும் வீரர் போஸ்டிங் முறையில் வந்தால், அவர் சம்பளத்துக்கு மேல் அந்த அணிக்கும் கட்டணம் கட்ட வேண்டும். ஒப்பந்தத்தின் முதல் 25 மில்லியனுக்கு 20 சதவீதம். கெல்லி, மிக்கோலஸ்போல அங்கே ஒப்பந்தம் முடிந்து திரும்பும் அமெரிக்கர்களுக்கு அது இல்லை. இன்னொன்று: சர்வீஸ் குறைவாக இருந்தாலும், ஒப்பந்தம் முடிந்ததும் தன்னை விட்டுவிட வேண்டும் என்று இவர்கள் எழுதி வாங்கிவிடுவார்கள். கட்டுப்பாடு வேண்டுமானால் கெல்லிக்கு எழுதியதுபோல கிளப் ஆப்ஷனாகத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

பேட்ஸ்மேன்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. எரிக் தேம்ஸ் கொரியாவில் ஒரே பருவத்தில் 47 ஹோம் ரன், 40 ஸ்டீல் எடுத்துவிட்டு 3 வருடம் 16 மில்லியனுக்கு மில்வாக்கி வந்தார். 2017 ஏப்ரலில் மட்டும் 11 ஹோம் ரன். பிறகு பிட்சர்கள் அவருக்கு எங்கே வீசுவது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். மொத்தத்தில் நஷ்டமில்லை, ஆனால் அந்த ஏப்ரல் திரும்பி வரவில்லை.

## ஐந்து: வேறு அணி வேண்டாம் என்று விட்டவர்

டெண்டர் கொடுக்காமல் விடப்பட்டவர், மார்ச்சில் விடுவிக்கப்பட்டவர், ஸ்பிரிங் டிரெய்னிங்குக்கு அழைப்போடு மைனர் லீக் ஒப்பந்தத்தில் வருபவர். வயது 26இலிருந்து 30. சர்வீஸ் ஆறு வருடத்துக்குக் கீழே.

2002 டிசம்பரில் ட்வின்ஸ் விடுவித்த டேவிட் ஆர்ட்டிஸை 1.25 மில்லியனுக்கு ரெட் சாக்ஸ் எடுத்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. தெரியாத பகுதி: அந்த வசந்தத்தில் ஃபர்ஸ்ட் பேஸுக்கும் டெசிக்னேட்டட் ஹிட்டருக்கும் (பேட் மட்டும் பிடிப்பவர்) அங்கே ஒரு கூட்டமே இருந்தது. மே கடைசியில் ஷே ஹில்லன்பிராண்டை அரிசோனாவுக்குக் கொடுத்த பிறகுதான் ஆர்ட்டிஸுக்கு நிலையான இடம் கிடைத்தது. அந்தப் பருவத்தில் 31 ஹோம் ரன். மலிவாக ஆள் எடுத்தால் மட்டும் போதாது, பேட் பிடிக்க இடம் காலி பண்ணித் தர வேண்டும்.

2007இல் கார்லோஸ் பேன்யா கதை இன்னும் மயிரிழையில் நடந்தது. 1998இல் முதல் சுற்றுத் தேர்வு. பிறகு நான்கு ஐந்து அணி மாறியாகிவிட்டது. டாம்பா பேவுக்கு மைனர் லீக் ஒப்பந்தத்தில் வந்தார். ஸ்பிரிங் டிரெய்னிங் முடிவில் அணியில் இடமில்லை என்று சொல்லியாகிவிட்டது. கிரெக் நார்ட்டனுக்குக் காயம் பட்டதால் கூப்பிட்டு நிறுத்தினார்கள். சம்பளம் 8 லட்சம் டாலர். ஹோம் ரன் 46. சர்வீஸ் குறைவாக இருந்ததால் அடுத்த வருடமும் அவர் டாம்பா பேவின் கையில். 3 வருடம் 24.125 மில்லியனுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். 2008இல் அந்த அணி உலகத் தொடருக்குப் போனது.

ஜஸ்டின் டர்னர் கணக்கைப் பாருங்கள். 2013 டிசம்பரில் மெட்ஸ் டெண்டர் கொடுக்கவில்லை. டாட்ஜர்ஸ் மைனர் லீக் ஒப்பந்தத்தில் எடுத்தது. 2014இல் 1 மில்லியன், 2015இல் 2.5, 2016இல் 5.1. மூன்று வருடத்துக்கும் சேர்த்து 8.6 மில்லியன். அந்த முதல் வருடமே 109 ஆட்டத்தில் .340 அடித்தார். உங்கள் பத்து மில்லியனுக்குள் மூன்று வருடத்து நட்சத்திரம்! செமியனுக்குக் கொடுத்ததில் பாதிகூட இல்லை.

இங்கே "ஏன் மலிவு" என்ற கேள்விதான் உயிர். டர்னர், மெட்ஸில் கூட ஆடிய மார்லன் பேர்டின் வழிகாட்டலில் தன் ஸ்விங்கையே மாற்றியிருந்தார். 2014 மார்ச்சில் ஹூஸ்டன் விடுவித்த ஜே. டி. மார்ட்டினஸும் அந்தக் குளிர்காலம் ஸ்விங்கைப் பிரித்துப் போட்டுத் திரும்பக் கட்டியிருந்தார். அதைக் காட்ட அவருக்கு ஹூஸ்டன் போதுமான வாய்ப்பே தரவில்லை. டெட்ராய்ட்டின் ட்ரிபிள்-ஏ அணியில் 17 ஆட்டத்தில் 10 ஹோம் ரன் அடித்துவிட்டு மேலே வந்து .315, 23 ஹோம் ரன். போன வருடப் புள்ளிவிவரத்தில் இது எதுவும் தெரியாது. ஏதாவது மாறியிருக்கிறதா என்று தேட வேண்டும். ஒன்றும் மாறாதவரை எடுத்தால் போன வருடமே திரும்ப வரும்.

பலிக்காதவர்களின் பெயர் யாருக்கும் ஞாபகம் இருக்காது, ஆனால் அவர்கள்தான் பெரும்பான்மை. ஒருவரை எடுத்து நம்பி உட்கார முடியாது; ஐந்தாறு பேரை எடுக்க வேண்டும். செலவு என்று பார்த்தால், மேஜர் லீக் அணியில் ஒரு முழுப் பருவம் வைத்திருந்தால் 2026 குறைந்தபட்சச் சம்பளமான 7,80,000 டாலர். ஆறு வருடம் தாண்டிய மூத்தவர்களை இதே முறையில் எடுத்தால் ஒரு கூடுதல் விதி: பருவம் தொடங்க ஐந்து நாள் முன்பும், மே 1, ஜூன் 1 அன்றும் அவர்களில் பலர் விலகிக்கொள்ளலாம்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| வகை | மேலே பார்த்த விலை | தோற்றால் போவது | எப்போது பலன் | பலித்தால் அடுத்த வருடம் |
|---|---|---|---|---|
| மூத்த வீரர் | 2.5 – 15 மில்லியன் | முழுச் சம்பளம், ஒரு இளைஞனின் வாய்ப்பு | உடனே | போய்விடுவார், அல்லது விலை ஏறும் |
| சறுக்கிய நட்சத்திரம் | 8 – 18 மில்லியன் | முழுச் சம்பளம், சில சமயம் டிராஃப்ட் தேர்வு | உடனே | போய்விடுவார் |
| திரும்பும் பிட்சர் | 2 – 11 மில்லியன் | முழுச் சம்பளம், குளிர்காலத்தில் ஒரு இடம் | பாதிப் பருவத்திலோ இரண்டாம் வருடமோ | போய்விடுவார் |
| ஜப்பான், கொரியா | 5.5 – 16 மில்லியன் | இரண்டு மூன்று வருடச் சம்பளம் | உடனே | கிளப் ஆப்ஷன் இருந்தால் உங்களிடம் |
| வேறு அணி விட்டவர் | 1 மில்லியன் சுற்று | கிட்டத்தட்ட ஒன்றுமில்லை | தெரியாது | உங்களிடம், பழைய விலைக்குப் பக்கத்தில் |

## யாருக்கு எது

போன வருடம் 85, 88 வெற்றியில் நின்று, ஒரே ஒரு இடம் ஓட்டையாக இருக்கும் அணி என்றால், சறுக்கிய நட்சத்திரத்தை எடுங்கள். அடுத்த வருடத்தைப் பற்றிக் கவலைப்படாமல் இந்த வருடத்துக்காக முழுப் பத்தையும் கொட்டலாம். அப்படிப்பட்ட அணிக்கு இரண்டு வெற்றி கூடுதலாகக் கிடைப்பது பெரிய விஷயம், ப்ளூ ஜேஸைக் கேட்டால் தெரியும்.

இந்த வருடம் ஒன்றும் நடக்கப்போவதில்லை, அடுத்த வருடம்தான் குறி என்றால், திரும்பும் பிட்சரோடு இரண்டு வருட ஒப்பந்தம். காத்திருக்கும் வருடத்தில் அவர் இல்லாமல் எந்த நஷ்டமும் உங்களுக்கு இல்லை. ஆனால் அடுத்த வருடச் சம்பளத்தை இப்போதே ஒதுக்கி வைக்கத் தெம்பு வேண்டும். கப்ஸ்போல நடுவில் கைவிட்டால் முதல் வருடப் பணம் வீண்.

மூத்த வீரருக்கு ஒரே ஒரு வேலை இருக்கும்போது மட்டும் போங்கள்: இடக்கை பிட்சர்களுக்கு எதிராக ஆட, ஃபர்ஸ்ட் பேஸில் நல்ல தடுப்புக்கு, இப்படி. விலை 5 மில்லியனைத் தாண்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

மீதி எல்லா அணிகளுக்கும், அதாவது பெரும்பாலான அணிகளுக்கு, நான் பிரிக்கும் விதம் இது. 5 அல்லது 6 மில்லியன், கொரியாவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வரும் பிட்சருக்கு, அணி கையில் இரண்டு வருட விருப்பத்தோடு. அந்த விருப்பத்துக்காக உத்தரவாதத்தில் ஒரு மில்லியன் கூடக் கொடுத்தாலும் பரவாயில்லை. 2 மில்லியன், இன்னிங்ஸ் போனஸோடு ஒரு பிட்சருக்கு. மிச்சத்தை ஆறு வருடத்துக்குக் கீழே இருக்கும் நான்கைந்து பேருக்குப் பிரித்துவிடுங்கள். அவர்களில் இரண்டு பேராவது குளிர்காலத்தில் ஏதாவது மாற்றியவர்களாக இருக்கட்டும்.

அதில் ஒரு மில்லியன் சொச்சத்தை மட்டும் மார்ச் கடைசி வாரம் வரை தொடாதீர்கள். எல்லா அணிகளும் 26 பேராகக் குறைக்கும் வாரம் அது. ஆப்ட்-அவுட் தேதியும் அப்போதுதான் வரும், நேற்றுவரை கிடைக்காதவர்கள் சந்தைக்கு வருவார்கள். மார்ட்டினஸை ஹூஸ்டன் விட்டது மார்ச் மாதத்தில்தான். அவரைப் பிடிக்க டெட்ராய்ட்டுக்கு 40 பேர் பட்டியலில் இடம்கூடத் தேவைப்படவில்லை. ட்ரிபிள்-ஏவில் தினமும் பேட் பிடிக்க ஓர் இடம் இருந்தது, அவ்வளவுதான்.